திறனும் சான்றும்

பெருங்கப்பல்களும் அச்சமின்றித் தங்கத்தக்க ஆழம் வாய்ந்தது திருக்கோணமலைத் துறைமுகம். பிரித்தானியக் கடற்படைத் தளம் அங்கிருந்த காலத்தில், கப்பல் பழுதுபார்க்கும் தொழிற்கூடங்களில் இந்தியாவிலிருந்து வந்தோரும் பணிபுரிந்தனர்.

இலங்கை சுதந்திரம் பெற்ற 1948 ஆம் ஆண்டில் இரு சட்டங்கள் பிறந்தன. குடிவரவு, குடியகல்வுச் சட்டம், பிரசையல்லாதார் நாட்டில் தங்குவதற்கு விசா வேண்டும் என்றது. பிரசாவுரிமைச் சட்டத்தின் 13 ஆம் பிரிவோ மேம்பாட்டிற்கென ஒரு தனி வாயிலைத் திறந்தது. சிறந்த பொதுச்சேவை புரிந்தோரையும், உயர்தொழில், வர்த்தகம், கைத்தொழில், விவசாயம் ஆகிய துறைகளில் மேம்பட்டோரையும் பிரசைகளாகப் பதியலாம்; ஆயினும், ஆண்டொன்றுக்கு 25 பேருக்கு மேற்படலாகாது என்பதே அன்றைய வரம்பு.

கொதிகலனைச் செப்பனிடுவதில் வல்ல ஒரு தொழிலாளிக்கு அவ்வாயில் எளிதில் திறக்குமா? சட்டம் வேண்டியது கைத்திறனை மட்டுமன்று. பிறர் ஒப்பிய மேம்பாட்டை. எனவே, அவர் 1949 ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தையே நாட வேண்டியவரானார். 1946 ஜனவரி 1 ஆம் நாளுக்கு முன், மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் இடையறாது வாழ்ந்திருத்தல் வேண்டும் என்றது அச்சட்டம். 1957 இல் தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டபின், பிரித்தானியக் கடற்படை அளித்த வேலையும் முடிவுற்றது.

இன்றைய உலகிலும் நெறி பெரிதும் மாறவில்லை. அமெரிக்கா 1990 ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்படுத்திய ஓ-1 விசாவை எண்ணுக. அறிவியல், கல்வி, வணிகம், விளையாட்டு ஆகிய துறையினர் பன்னாட்டுப் பெரும்பரிசு பெற்றிராவிடின், எட்டு வகைச் சான்றுகளுள் மூன்றையேனும் காட்டுதல் வேண்டும்.

திறன் கையில் உறைவது; வாயிலைத் திறப்பதோ ஏட்டில் உறையும் சான்று. ஆதலால், பணிப்பதிவும் நற்சான்றிதழும் பேழையிற் பேணத்தக்க செல்வங்களாம்.