ஹாலில் ஒரு கோல்ப் மைதானம்: குழந்தைக்குக் கைகொடுக்கும் வெப்கேம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வந்த வீட்டில் குழந்தைகள் முதலில் தேடுவது கேம்ஸ்தான். அவற்றில் கோல்ப் கேமும் ஒன்று. மவுஸைச் சரியான நேரத்தில் கிளிக் செய்தால் போதும், பந்து 200 மீட்டர் பறந்து புல்வெளியில் விழும். இதனால் பயனே இல்லை என்று சொல்லமாட்டேன். என் எட்டு வயது மகள் பார், பேர்டி, போகி என்ற சொற்களைக் கேமில்தான் கற்றாள். (ஒரு குழிக்கு இத்தனை அடி என்று வகுத்த கணக்கு பார். ஓர் அடி குறைவாக முடித்தால் பேர்டி. ஓர் அடி கூடினால் போகி.) ஆனால் கையில் நிஜ மட்டையைப் பிடித்து நிற்பதை எந்த மவுஸும் சொல்லித் தராது. அதற்கு அதே கம்ப்யூட்டரை வேறுவிதமாகப் பயன்படுத்த வேண்டும்.

கோல்ப் பயிற்சிக்குச் செலவு அதிகம். எனவே குழந்தைக்கு உண்மையிலேயே ஆர்வம் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடுவது நல்லது. இதற்கு பட்டிங், அதாவது பந்தை உருட்டிக் குழியில் விழச் செய்வது போதும். டைகர் வுட்ஸின் தந்தை ஏர்ல் வுட்ஸ் மகனுக்குக் குழியருகில் இருந்துதான் தொடங்கினார். பிறகே தூரத்தைக் கூட்டினார். பெங்களூருவின் அதிதி அசோக், 2021ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஒரே ஓர் அடியில் பதக்கத்தைத் தவறவிட்டு நான்காம் இடம் பெற்றார். உருட்டி விடுவதுதானே என்று அலட்சியமாக நினைத்தால், அந்த ஓர் அடியை நினைத்துக் கொள்ளுங்கள்.

தேவையானவை குறைவு. குழந்தையின் உயரத்திற்கேற்ற ஒரு பட்டர் (வெண்ணெய் அல்ல, உருட்டும் மட்டை), இரண்டு பந்துகள், ஒரு ஜமுக்காளம். மொசைக் தரையில் பந்து நிற்காமல் ஓடும். ஜமுக்காளம் அதன் வேகத்தைக் குறைக்கும். கோல்ப் குழியின் விட்டம் 108 மி.மீ. வீட்டில் கிடக்கும் பழைய சிடியின் விட்டம் 120 மி.மீ. சிடியை வைத்துச் சாக்பீஸால் வட்டம் போட்டால் குழி தயார். 12 மி.மீ. சலுகை குழந்தைக்கு இருக்கட்டுமே! நிஜப் பந்து சுமார் 46 கிராம் எடையுள்ள கெட்டிப் பொருள். ஹாலில் உருட்ட மட்டுமே அனுமதியுங்கள். ஓங்கி வீச ஆசைப்பட்டால் மொட்டை மாடிக்கு அழைத்துப் போய் ஸ்பாஞ்ச் பந்து கொடுங்கள். இல்லையேல் புது மானிட்டருக்கு நான் பொறுப்பல்ல.

வலது கைப் பழக்கமுள்ள குழந்தை கிரிக்கெட்டில் நிற்பது போலவே பக்கவாட்டில் நிற்க வேண்டும். இடது கை மேலே, வலது கை கீழே. சின்னக் கைகளுக்குப் பத்து விரல்களும் மட்டையில் படும்படி பிடிப்பதே எளிது. மூடி திறந்த டூத்பேஸ்ட் டியூபைப் பிடிப்பது போல, பேஸ்ட் வெளியே வராத அளவுக்குத்தான் அழுத்தம். மணிக்கட்டை மடக்காமல், தோள்கள் ஊஞ்சல் போல ஆட வேண்டும். பந்து கிளம்பும்வரை தலை அசையக்கூடாது.

இந்தக் கடைசி விஷயத்தில்தான் வீட்டில் சண்டை வரும். "தலையைத் தூக்காதே" என்று பத்து முறை சொன்னால், பதினொன்றாவது முறை மட்டை மூலைக்குப் போய்விடும். என் மகளோ, "நான் தூக்கவே இல்லை" என்று சாதித்தாள். வெப்கேம் இதைச் சுலபமாகத் தீர்த்து வைத்தது.

லேப்டாப்பை இரண்டு மீட்டர் தள்ளி, ஸ்டூல் மேல், குழந்தைக்கு நேர் எதிரே வைத்திடவும். அதன்பின் அதை அசைக்கக்கூடாது. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் கேமரா என்ற புரோகிராம் உண்டு. ஸ்டார்ட் மெனுவில் தேடித் திறந்து, வீடியோ படத்தில் கிளிக் செய்து பதிவு செய்திடவும். பைல், பிக்சர்ஸ் போல்டருக்குள் உள்ள கேமரா ரோல் போல்டரில் சேரும்.

அடுத்து, இலவசமாகக் கிடைக்கும் வி.எல்.சி. பிளேயரில் அந்தப் பைலைத் திறக்கவும். கீ போர்டில் இ என்ற ஆங்கில எழுத்தை ஒவ்வொரு முறை தட்டும்போதும் வீடியோ ஒரு பிரேம் நகரும். ஷிப்ட் கீயுடன் இடது அம்புக்குறியைத் தட்டினால் 3 விநாடி பின்னால் போகும். மட்டை பந்துக்குப் பின்னால் அசையாமல் இருக்கும் பிரேமில் ஷிப்ட், எஸ் கீகளைச் சேர்த்து அழுத்தவும். அது ஒரு படமாக பிக்சர்ஸ் போல்டரில் பதிவாகும். மட்டை பந்தைத் தொடும் பிரேமையும் அப்படியே எடுத்திடவும்.

இரண்டு படங்களையும் பெயிண்ட் புரோகிராமில் ஒவ்வொன்றாகத் திறந்து, மவுஸைக் குழந்தையின் மூக்கு நுனியில் வைத்தால், கீழே இடது மூலையில் இரண்டு எண்கள் தெரியும். முதல் எண் பக்கவாட்டு இடம். இரண்டாவது, மேலிருந்து எவ்வளவு கீழே என்பது. இரண்டாவது எண் குறைந்திருந்தால் தலை மேலே எழும்பிவிட்டது என்று பொருள். என் மகளுக்கு 212 என்பது 171 ஆகியிருந்தது. அவள் ஒன்றும் பேசவில்லை. மட்டையை எடுத்துக்கொண்டு போய், "அப்பா, இன்னொரு தடவை ரெக்கார்ட் பண்ணுங்க" என்றாள். இப்போது என்னைத் தொட விடாமல் எண்களை அவளே பார்க்கிறாள்.

மாடியில் ஓங்கி அடிப்பதை ஆராய சாதாரண வெப்கேம் போதாது. விநாடிக்கு 30 பிரேம் என்றால் வேகமாக இறங்கும் மட்டை வெறும் கோடாகத்தான் தெரியும். செல்போனில் ஸ்லோமோஷன் வசதி இருந்தால் அதில் எடுத்துக் கம்ப்யூட்டருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பார்த்து முடித்த வீடியோக்களை அவ்வப்போது அழித்துவிடவும். ஹார்ட் டிஸ்க்கில் நிறைய இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.