ஓம் கணக்கும் செப்புத் தடமும்

நாமக்கல் லாரிகளில் எஞ்சினையும் பிரேக்கையும் இன்று கண்காணிப்பவை அச்சிட்ட மின்சுற்றுப் பலகைகளே. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 எனும் புகை உமிழ்வு விதி நடைமுறைக்கு வந்தபின் இவற்றின் பங்கு மேலும் கூடியுள்ளது. இப்பலகைகள் தம்முள் செய்தி பரிமாறும் ‘கேன்’ எனும் இரட்டைக் கம்பியின் இரு கோடிகளிலும் 120 ஓம் மின்தடை பொருத்தப்படுவதால், பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை வைக்கும் பட்டறை எலக்ட்ரீஷியன் ஏறத்தாழ 60 ஓம் காண்கிறார். 120 காட்டினால், ஒரு கோடியின் தடை விடுபட்டுள்ளது என்றோ கம்பி அறுந்துள்ளது என்றோ கண்டுகொள்கிறார்.

அந்த 120, கம்பியின் மின்மறுப்புக்கு ஈடாகத் தேர்ந்த எண்ணாகும். விரைந்து மாறும் சமிக்ஞை அலையாகச் செல்லும்போது, கம்பியின் மின்தூண்டலும் மின்தேக்கமும் சேர்ந்து அதற்குக் காட்டும் மறுப்பே சிறப்பியல்பு மின்மறுப்பு எனப்படும். இது நீளத்தைச் சாராது. கம்பியின் அமைப்பையும் காப்புப் பொருளையுமே சாரும். மேட்டூர்க் கால்வாய் நீர் மூடிய மதகில் மோதிப் பின்வாங்குவதுபோல, மறுப்பு மாறும் இடத்தில் அலையின் ஒரு பகுதி திரும்பிவந்து செய்தியைச் சிதைக்கிறது. பலகையின் செப்புத் தடங்களிலும் இப்படியே: 50 ஓம் தடம் 75 ஓம் தடத்தைச் சேருமிடத்தில், வந்த மின்னழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு திரும்பிவிடும்.

பலகையில் இம்மறுப்பைத் தீர்மானிப்பவை செப்புத் தடத்தின் அகலம், கனம், தரைத்தளத்திலிருந்து அது நிற்கும் உயரம், காப்புப் பொருளின் மின்காப்பு மாறிலி ஆகிய நான்கு. மாறிலி 4.3, உயரம் 0.2 மி.மீ., செப்புக் கனம் 0.035 மி.மீ. எனில், வழக்கிலுள்ள எளிய வாய்பாட்டின்படி 0.33 மி.மீ. அகலத் தடம் ஏறத்தாழ 50 ஓம் தரும். அமிலக் குளியலில் செம்பு கூடுதலாகக் கரைந்து அகலம் 0.28 ஆகக் குறுகினால், மறுப்பு 55 ஓமைத் தாண்டி, பொதுவாக ஏற்கப்படும் பத்து விழுக்காட்டு வரம்பை மீறிவிடும்.

இப்பிழையை மல்டிமீட்டர் காட்டாது. அது அளப்பது நேர்மின்னோட்டத் தடையை மட்டுமே. அதனால், பலகையோடு ஒரே தகட்டில் அச்சிடப்பட்ட சோதனைத் துண்டில், டி.டி.ஆர். எனும் கருவி மிக விரைந்தெழும் மின்துடிப்பைச் செலுத்தி, திரும்பும் அலையின் அளவிலிருந்து மறுப்பையும், அது திரும்ப எடுத்த நேரத்திலிருந்து பழுதின் இடத்தையும் கணிக்கிறது. இவ்வகைப் பலகையில் சமிக்ஞை ஒரு நானோ நொடியில் 15 செ.மீ. அளவே செல்வதால் இது இயலுகிறது.

ஆகவே, சேலம், நாமக்கல் பொறியியல் மாணவர்கள் வாய்பாட்டோடு நின்றுவிடாமல், வேண்டிய ஓம் அளவையும் விலக்க வரம்பையும் வரைபடத்திலேயே எழுதி, சோதனைத் துண்டின் அறிக்கையைப் பலகையோடு கேட்டுப் பெறப் பழக வேண்டும். நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்கான பலகையில் இந்தக் கண்டிப்பு ஓட்டுநரின் பாதுகாப்பையும் சார்ந்ததாகும்.