பிளக் பொயின்ற்றிலிருந்து தொடங்க வேண்டிய கணக்கு

யாழ்ப்பாணத்தில் கலியாண வீடு, சாமத்திய வீடு, கோயில் தேர் எல்லாமே இன்று 4கே ஒளிப்பதிவாகின்றன. படம்பிடிப்பு ஒரு நாளில் முடிந்துவிடும். அதை வெட்டி, நிறம் திருத்தி, ரொறன்ரோவிலும் லண்டனிலும் காத்திருக்கும் உறவுகளுக்கு அனுப்பக்கூடிய வடிவத்துக்குக் கொண்டுவரப் பல நாள் வேண்டும். புலம்பெயர்ந்தவர்கள் ஊரில் கட்டப்போகும் வீட்டை முப்பரிமாணத்தில் வரைந்து காட்டுவோருக்கும் இதே வகைக் கணினிதான் தேவை. வேலை முடிந்த இரவில் அதே கணினியில் கேம் விளையாடுவோரும் உண்டு. இப்படி ரெண்டரிங்குக்கும் கேமுக்கும் சேர்த்து ஒரு பெரிய கணினி பூட்ட நினைப்பவர் எவரும் முதலில் கேட்பது, எந்தக் கிராபிக்ஸ் கார்ட் போடலாம் என்றுதான். குடாநாட்டில் இந்தக் கேள்வி கடைசியாக வரவேண்டியது என்பது என் வாதம். சுவரிலிருந்து வரும் மின்சாரம், அறையின் சூடு, நினைவகத்தின் அளவு ஆகிய மூன்றையும் தீர்த்த பிறகே வேகத்தைப் பற்றிக் கதைக்க வேண்டும்.

முதலில், இரண்டு வேலைகளும் கணினியிடம் கேட்பது ஒன்றல்ல என்பதைப் பார்ப்போம். ரெண்டரிங் என்பது படத்தின் ஒவ்வொரு ஃபிரேமையும் கணக்கிட்டு இறுதி வடிவமாக்கும் வேலை. அதைப் பங்குபோடலாம். வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயம் கிண்ட 16 பேர் இறங்கினால் ஆளுக்கொரு வரிசையாக வேலை பிரிந்துவிடும். புரொசசரின் 16 கோர்களும் ஒரு ஃபிரேமை அப்படித்தான் பிரித்துக்கொள்கின்றன. கேம் அப்படியல்ல. இந்தக் கணத்தில் என்ன நடந்தது என்று தெரிந்தால்தான் அடுத்த கணத்தைக் கணிக்க முடியும். அதனால் கேமுக்கு நிறையக் கோர்களைவிட, அருகிலேயே இருக்கும் பெரிய கேஷ் நினைவகம் கூடுதலாக உதவுகிறது. ஏஎம்டி நிறுவனத்தின் பட்டியலே இதற்குச் சாட்சி. 2024 ஓகஸ்டில் வந்த ரைசன் 9 9950எக்ஸ் 16 கோர்களும் 64 எம்பி எல்3 கேஷும் கொண்டது. அதே ஆண்டு நவம்பரில் வந்த ரைசன் 7 9800எக்ஸ்3டி 8 கோர்களும் 96 எம்பி கேஷும் கொண்டது. ரெண்டரிங்கில் முன்னதும் கேமில் பின்னதும் வெல்கின்றன. இரண்டையும் ஒன்றாக்கிய 9950எக்ஸ்3டி 2025 மார்ச்சில் 699 டொலர் பட்டியல் விலையில் வந்தது.

அதையே வாங்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று தோன்றலாம். ஆனால் இன்று பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளின் சைக்கிள்ஸ் ரெண்டரிங்கும் டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் நிறத் திருத்தமும் பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்ட்டிலேயே ஓடுகின்றன. கேமை 4கே திரையில் விளையாடும்போதும் முதலில் மூச்சு வாங்குவது கிராபிக்ஸ் கார்ட்தான். அங்கே புரொசசர்களுக்கு இடையிலான வித்தியாசம் சுருங்கிவிடுகிறது. ஆகவே, இரண்டு வேலைக்கும் பொதுவான கணினி ஒன்றுக்கு உச்சப் புரொசசர் கட்டாயமில்லை. 12 கோர் கொண்ட 9900எக்ஸ் போன்ற ஒன்று போதும். மிச்சப்படும் பணத்துக்கு இந்த ஊரில் வேறு நல்ல செலவுகள் இருக்கின்றன.

கிராபிக்ஸ் கார்ட்டை வேகத்தைக் கொண்டே எடைபோடுவது வழமை. ஆனால் வேலை செய்பவரை நடு இரவில் கைவிடுவது அதன் நினைவகம். கேமில் நினைவகம் போதாவிட்டால் காட்சியின் தரத்தைக் கொஞ்சம் குறைத்துவிட்டு விளையாடலாம். முப்பரிமாணக் காட்சி நினைவகத்துக்குள் அடங்காவிட்டால் ரெண்டரிங் நின்றே போகலாம், அல்லது பொதுவான ராமைக் கடன் வாங்கி ஊர்ந்து நகரலாம். ரிசால்வில் வரும் நினைவகம் நிரம்பிவிட்டது என்ற எச்சரிக்கையை எடிட்டிங் செய்பவர்கள் அறிவார்கள். என்விடியாவிடமிருந்து 2025 இல் வந்த ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ என்ற ஒரே பெயரில் 8 ஜிபி கார்ட்டும் 16 ஜிபி கார்ட்டும் விற்கப்படுகின்றன. பட்டியல் விலையில் வித்தியாசம் 50 டொலர்தான். பெயரை மட்டும் பார்த்து வாங்குபவர் அந்த 50 டொலரை மிச்சம் பிடித்து, பல ஆண்டுகளுக்கு ஒரு முட்டுக்கட்டையை வாங்கிக்கொள்கிறார்.

இன்னொரு சான்று கலியாண வீடியோத் தொழிலுக்கு இன்னும் நெருக்கமானது. இப்போதைய நல்ல கமராக்கள் நிறத் தகவலைக் கூடுதலாகச் சேமிக்கும் 4:2:2 என்ற 10 பிட் வடிவத்தில் பதிவு செய்கின்றன. அதை விரித்துக் காட்டும் தனிச் சுற்று என்விடியாவின் கார்ட்டுகளில் 50 வரிசையில்தான் முதன்முதலாக வந்தது. 2022 இல் 1,599 டொலருக்கு வந்த 4090 இல் அது இல்லை. 429 டொலர் 5060 டிஐயில் இருக்கிறது. ரெண்டரிங்கில் பழைய பெரிய கார்ட் மிகவும் வேகமானது என்பது உண்மைதான். ஆனால் நாள் முழுவதும் டைம்லைனை முன்னும் பின்னும் இழுத்துப் பார்க்கும் ஒருவருக்கு இந்தச் சிறிய கார்ட் தரும் வசதியைப் பெரியது தராது. எந்த வேலைக்கு என்று கேட்காமல் எது பெரியது என்று கேட்டால் இப்படித்தான் பணம் போகும்.

இனி மின்சாரத்துக்கு வருவோம். 1990களில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட மண் இது. போர் 2009 இல் முடிந்த பிறகும் குடாநாடு தேசிய மின்வலையமைப்புக்கு வெளியேதான் இருந்தது. கிளிநொச்சியிலிருந்து சுன்னாகத்துக்கு உயர் அழுத்த மின்வழி 2013 இல் வந்த பின்னரே அந்த இணைப்பு மீண்டது. 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு நீண்டது. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததில் இலங்கை முழுவதும் இருண்டது. அந்த நாட்களோடு ஒப்பிட்டால் இன்று நிலைமை எவ்வளவோ மேல். ஆனால் ரெண்டரிங்கைக் கெடுக்க மணிக்கணக்கான இருட்டுத் தேவையில்லை. மாரி மழையில் பனையோலை ஒன்று கம்பியில் உரசி, விளக்கு ஒருமுறை கண்சிமிட்டினாலே போதும். ஆறு மணிநேர வேலை போய்விடும்.

யூ.பி.எஸ். இருக்கிறதே என்பார்கள். பெட்டியில் 650 வி.ஏ. என்று எழுதியிருப்பதை 650 வாட் என்று எடுத்துக்கொள்வதில்தான் தவறு தொடங்குகிறது. சாதாரண யூ.பி.எஸ். ஒன்று உண்மையில் தாங்குவது அந்த எண்ணின் 60 வீதத்தை, அதாவது 390 வாட்டை. இப்போது கூட்டிப் பார்ப்போம். ஆர்டிஎக்ஸ் 5090 கார்ட்டின் மின்தேவை 575 வாட். 9950எக்ஸ் முழு வேலையில் 230 வாட் வரை இழுக்கும். மற்றவற்றையும் திரையையும் சேர்த்தால் 900 வாட்டை எட்டும். மின்சாரம் நிற்கும் அந்தக் கணத்தில் 650 வி.ஏ. யூ.பி.எஸ். இந்தச் சுமையைத் தாங்காமல் தானும் அணைந்துவிடும். 300 வாட் எடுக்கும் 5070 டிஐயும் 12 கோர் புரொசசரும் கொண்ட கணினி ஏறத்தாழ 530 வாட்டோடு அடங்கிவிடும், 1,200 வி.ஏ. யூ.பி.எஸ். அதைத் தாங்கும். முதலாவது கணினிக்கு 2,000 வி.ஏ. வேண்டும், அதுவும் சுத்தமான சைன் அலை தருவதாக இருந்தால் நல்லது. நல்ல பவர் சப்ளை மின்சாரம் நின்ற பின்னும் ஏறத்தாழ 16 மில்லிசெக்கன் தாக்குப்பிடிக்கும். யூ.பி.எஸ். பற்றரிக்கு மாறுவது அந்த இடைவெளிக்குள்தான். மலிவான பவர் சப்ளை இந்த இடத்தில்தான் கைவிடும். கார்ட்டுகள் கண நேரத்துக்குத் திடீரென இரண்டு மடங்கு மின்சாரம் கேட்பதைத் தாங்குவதற்காகவே 2022 இல் ஏடிஎக்ஸ் 3.0 என்ற தரம் வந்தது. பவர் சப்ளை வாங்கும்போது பெட்டியில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கணினி உண்ணும் மின்சாரம் அத்தனையும் அறைக்குள் சூடாகத்தான் இறங்குகிறது. 900 வாட் என்பது மணிக்கு 3,000 பிரிட்டிஷ் வெப்ப அலகுக்கும் சற்று மேல். அறையில் 9,000 அலகு ஏசி பூட்டியிருந்தால், அதன் திறனில் மூன்றிலொரு பங்கு இந்தப் பெட்டிக்கே போய்விடும். ஏசி இல்லாத அறையில் நிலை இன்னும் கடுமை. குளிர்நாட்டில் 22 பாகையில் சோதித்துச் சொன்ன வெப்ப அளவுகளோடு சித்திரை வெயிலில் 10 பாகையைக் கூட்டிக்கொள்ள வேண்டும். நீரால் குளிர்விக்கும் கூலரும் அறையின் வெப்பத்துக்குக் கீழே எதையும் கொண்டுபோகாது. அதன் பம்ப் பழுதானால் முழுவதையும் மாற்ற வேண்டும். பெரிய காற்றுக் கூலரில் விசிறி நின்றால் கடைத்தெருவில் இன்னொரு விசிறி வாங்கிப் பூட்டிவிடலாம். இந்த ஊருக்குக் காற்றுக் கூலரே நல்லது. சோளகம் அள்ளிவரும் புழுதியும் பருத்தித்துறை, காரைநகர்ப் பக்கத்து உப்புக்காற்றும் கண்ணாடிப் பெட்டியின் அழகைப் பார்ப்பதில்லை. முன்புறம் வலையும் கழற்றிக் கழுவக்கூடிய வடிகட்டியும் உள்ள கேசிங்கில், வெளியேற்றும் விசிறியைவிட உள்ளிழுக்கும் விசிறியைக் கூட்டிப் போட்டால் புழுதி வெடிப்புகள் வழியாகப் புகாது.

மின்கட்டணத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 900 வாட் கணினி நாளுக்கு 8 மணிநேரம், மாதத்தில் 25 நாள் ஓடினால் 180 அலகு. வீட்டுப் பாவனைக்கான கட்டணத்தில் 180 அலகைத் தாண்டுவதுதான் மிக உயர்ந்த படி. வீட்டின் குளிர்சாதனப் பெட்டியும் விளக்கும் தண்ணீர்ப் பம்பும் கணக்குக்குள் வருமுன்பே கணினி அந்த எல்லையைத் தொட்டுவிடுகிறது. 530 வாட் கணினிக்கு இதே கணக்கு 106 அலகுதான்.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. பெரிய கார்ட்டை வாங்கி அதன் மின்னளவைக் குறைத்து ஓட்டினால் என்ன? நல்ல யோசனைதான். 5090 ஐ 575 இலிருந்து 400 வாட்டுக்கு இறக்கினாலும் இழக்கும் வேகம் மிச்சமாகும் மின்சாரத்தைவிட மிகக் குறைவு. 32 ஜிபி நினைவகம் இல்லாமல் திறக்கவே முடியாத காட்சிகளோடு வேலை செய்பவருக்கு அந்த வழியையே நானும் சொல்வேன். மற்றவர்கள் விலையையும் பார்க்க வேண்டும். டொலர் 300 ரூபாய் என்று வைத்தாலும், வரிக்கு முன்பே, 1,999 டொலர் பட்டியல் விலை 6 இலட்சம். 749 டொலர் 5070 டிஐ 2 இலட்சத்து 25 ஆயிரம். பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம். இடைவெளியான மூன்றே முக்கால் இலட்சத்துக்கு நல்ல பவர் சப்ளை, யூ.பி.எஸ்., 64 ஜிபி ராம், இரண்டு எஸ்.எஸ்.டி. ஆகியவற்றின் பெரும்பகுதி அடங்கும். ராமை மட்டும் இரண்டு துண்டாக ஒரே தடவையில் வாங்கிவிட வேண்டும். ஏஎம்டி புரொசசர் பூட்டும் மதர்போர்ட்டில் நாலு துண்டு போட்டால் வேகம் இறங்கும். அத்தோடு, செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் அள்ளிக்கொண்டதால் 2025 இன் பிற்பகுதியிலிருந்து ராம் விலை கிடுகிடுவென ஏறியிருக்கிறது. குருசியல் என்ற பெயரில் நுகர்வோருக்கு விற்றுவந்ததை நிறுத்தப்போவதாக மைக்ரன் நிறுவனம் அந்த டிசம்பரில் அறிவித்தது. பிறகு இன்னொரு துண்டு வாங்கலாம் என்று தள்ளிப்போடுவது இப்போது ஆபத்தான சிக்கனம்.

எதிர்காலத்துக்கும் ஈடுகொடுக்க வேண்டும், அதனால் இப்போதே உச்சத்தில் வாங்க வேண்டும் என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. 2020 இல் 1,499 டொலருக்கு வந்த 3090 இன் இடத்தை இரண்டே ஆண்டில் 4090 பிடித்தது. எதிர்காலத்துக்கு ஈடுகொடுப்பது மதர்போர்ட்டும் பவர் சப்ளையும்தான். புரொசசர் பொருந்தும் ஏஎம்5 சொக்கற்றுக்கு 2027 வரையாவது ஆதரவு உண்டு என்று ஏஎம்டி அறிவித்திருக்கிறது. நல்ல அடித்தளத்தைப் போட்டுவிட்டு, மூன்று ஆண்டு கழித்துக் கார்ட்டை மட்டும் மாற்றுவது சிக்கனமும் ஆகும்.

கடைசியாக, ஊரில் எல்லோரும் சொல்லும் வழி: வெளிநாட்டிலிருந்து வருபவரிடம் சொல்லிவிட்டால் மலிவு. மலிவுதான். ஆனால் கிராபிக்ஸ் கார்ட்டின் உத்தரவாதம் பல நிறுவனங்களில் வாங்கிய நாட்டோடு கட்டுப்பட்டது. பழுதானால் மீண்டும் ஒருவர் விமானம் ஏறும்வரை காத்திருக்க வேண்டும். யாழ்ப்பாணக் கடையில் வாங்கியது பழுதானால், அது 400 கிலோமீற்றர் தள்ளியிருக்கும் கொழும்புக்குப் போய்த் திரும்பும் நாட்களை மட்டும் பொறுத்தால் போதும். எஸ்.எஸ்.டி., ராம் போன்ற, அரிதாகவே பழுதாகும் சிறிய பொருட்களைப் பெட்டியில் கொண்டுவரச் சொல்லலாம். கார்ட்டையும் பவர் சப்ளையையும் இங்கே, ரசீதோடும் உத்தரவாதத்தோடும் வாங்குவது நல்லது. கனடாவிலிருந்து யூ.பி.எஸ். மட்டும் வேண்டவே வேண்டாம். அது 120 வோல்ட்டுக்குச் செய்தது, நம் சுவரில் இருப்பது 230.