தொட்டிச் செடிகளுக்கிடையே ஒரு மீட்டர் கேஜ்

நெல்லையிலிருந்து தாராவிக்கும், தஞ்சையிலிருந்து மாதுங்காவுக்கும் செம்பூருக்கும் குடிவந்த முந்தைய தலைமுறையினரின் பயணக் கதைகளில் இரண்டு இருப்புப்பாதைகள் உண்டு. ஊரிலிருந்து எழும்பூர் வரை மீட்டர் கேஜ். பெட்டி படுக்கையுடன் சென்ட்ரலுக்கு மாறியபின் பம்பாய் வரை அகலப்பாதை. முதற்பாதை இன்று ஏறத்தாழ மறைந்துவிட்டது. சென்னைக் கடற்கரை–தாம்பரம் தடத்தில் மீட்டர் கேஜ் மின்தொடர் 2004-இல் நின்றது. செங்கோட்டை–புனலூர் மலைப்பாதை 2010-இல் மூடப்பட்டு, 2018-இல் அகலப்பாதையாகத் திரும்பியது. தமிழகத்தில் எஞ்சியிருப்பது, 2005-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற நீலகிரி மலை இரயில்தான்.

ஆயினும், அந்தப் பாதையை மொட்டைமாடித் தோட்டத்தில் மீண்டும் அமைக்க இயலும். ஜெர்மனியின் நூரம்பர்க் நகரிலிருந்த லேமான் நிறுவனம் 1968-இல் ‘எல்.ஜி.பி.’ என்னும் தோட்ட இரயிலை அறிமுகப்படுத்தியது. அதன் தண்டவாள இடைவெளி 45 மி.மீ.; உருவங்கள் அசலில் 22.5-இல் ஒரு பங்கு. இரண்டையும் பெருக்கிப் பாருங்கள்: 1,012 மி.மீ. சொச்சம். நம் மீட்டர் கேஜ்தான் அது!

இந்த அளவில் தோட்டமே உருமாறுகிறது. 45 செ.மீ. துளசிச்செடி, பத்து மீட்டர் வேப்பமரமாக நிற்கும். மனிதர் ஏழரை செ.மீ. உயரம். மணிக்கு 45 கி.மீ. வேகம், விநாடிக்கு அரை மீட்டரைச் சற்றே தாண்டும். சிற்றிலைச் செடிகளே இதற்குப் பொருத்தம். செம்பருத்தி நட்டால் பூவொன்று என்ஜினையே மறைத்துவிடும்.

மிகச் சிறிய வளைவின் ஆரம் 60 செ.மீ. என்பதால், முழுவட்டத்திற்கு ஒன்றரை மீட்டர் சதுர இடம் போதும். ஆனால் 20 மீட்டர் நீளமுள்ள உண்மைப் பெட்டியின் மாதிரி 89 செ.மீ. வரும், அது இவ்வளைவில் திரும்பாது. பெட்டிகளைக் குறுக்கியே செய்ய வேண்டும். கடையில் கிடைப்பவை பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்க உருவங்கள். நம்மூர்ச் செங்காவி நிறப் பெட்டி வேண்டுமெனில், பலகையை அறுத்து வண்ணம் தீட்டிக்கொள்வதே வழி. எங்களுக்கு அதுவே இக்கலையின் சுவையான பகுதியாகத் தோன்றுகிறது.

மும்பையில் உண்மையான சோதனை மழைதான். இதற்கு நேரலிலிருந்து மாதேரானுக்கு ஏறும் சிற்றிரயிலைக் காண்பது நல்லது. ஆதம்ஜி பீர்பாய் குடும்பத்தின் பணத்தாலும் முயற்சியாலும் 1907-இல் திறக்கப்பட்ட அந்த 21 கி.மீ. பாதையை 2005 பெருமழை அரித்தது. மீண்டும் ஓட 2007 ஆயிற்று. 2019 மழைக்குப்பின் முழுப்பாதையும் திறக்க மூன்றாண்டுகள் சென்றன. மாடியிலும் இதே நியாயந்தான். தடத்தின் அடியில் சரளைக்கல் வேண்டும். நீர் வடிய வழி வேண்டும். ஏற்றம் நூற்றுக்கு மூன்றைத் தாண்டாதிருப்பது நலம். பித்தளைத் தண்டவாளம் மழையில் கறுக்கும். துடைத்தால்தான் மின்சாரம் பாயும். இத்தொல்லை வேண்டாமென்போர் மின்கலத்தில் ஓடும் என்ஜினை நாடலாம்.

மாடி பொதுச்சொத்து என்பதால் சொசைட்டியின் அனுமதியை எழுத்து மூலம் பெறுங்கள். மண்ணின் எடையையும் நீர்க்கசிவையும் பொறியாளரிடம் காட்டிவிடுங்கள். செலவைப் பொறுத்தவரை, இதற்கெனக் கடன் கேட்டு எவரும் கிளைக்கு வர வேண்டாம்! சிறு தொடர்வைப்புக் கணக்கொன்று முதிரும்போது ஒரு வட்டத் தடம், ஒரு என்ஜின். அடுத்தது முதிரும்போது பெட்டிகள்.

முதலீட்டிற்கு முன் பார்த்துவர விரும்புவோருக்குப் புனே, கோத்ரூட் பகுதியில் 1998 முதல் ஜோஷி சிற்றிரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்குள்ளவை இதனினும் நுண்ணிய உருவங்கள், வீட்டிற்குள் ஓடுபவை.

மஞ்சள் பலகையில் கறுப்பெழுத்தாக நிலையப் பெயர்களை எழுதும் பொறுப்பை வீட்டின் மூத்தவரிடம் ஒப்படையுங்கள். கங்கைகொண்டான், மணியாச்சி, கடம்பூர், கோவில்பட்டி என வரிசை பிசகாமல் அவர் சொல்லக்கூடும். பேரப்பிள்ளை எழுதிக்கொள்ளட்டும்.