மணிக்கட்டு வழியா, தொடை வழியா?

மாற்று இருதயம் பொருத்தப்பெற்றவர்க்கு விசித்திரமான ஒரு நிலை உண்டு. இருதயத் தமனி அடைபடின் நம்மில் பலருக்கு மார்பு வலிக்கும். அவருக்கோ பெரும்பாலும் வலி தெரிவதில்லை. சிகிச்சையின்போது நரம்புகள் அறுபட்டு விடுகின்றன. பின்னர் அவை முற்றிலும் வளர்வதில்லை. ஆனால் உடலின் எதிர்ப்பினால் புதிய இருதயத்தின் தமனிகள் நாளடைவில் உட்சுவர் தடித்துக் குறுகக் கூடும். வலி வந்து எச்சரிக்காத நோயைத் தேடித்தான் காணவேண்டும். ஆதலின், அவருள் பலர் பல ஆண்டுகள் மீண்டும் மீண்டும் தமனிக்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி, சாயம் பாய்ச்சி, எக்ஸ்-ரே படம் எடுத்துக்கொள்ள நேர்கிறது.

அக்குழாய் எவ்வழியே நுழைவது? 1958இல் கிளீவ்லண்டில் மேசன் சோன்ஸ் முழங்கைத் தமனியைப் பயன்படுத்தினார். 1967இல் ஜட்கின்ஸ் தொடைத் தமனி முறையை வெளியிட்டார். கிறிஸ்டியான் பர்னார்ட் கேப்டவுனில் முதல் மனித இருதய மாற்றுச் சிகிச்சை செய்ததும் அவ்வாண்டு டிசம்பரில்தான். மணிக்கட்டு வழியைக் காட்டியவர் மாண்ட்ரியால் மருத்துவர் லூசியன் காம்போ, ஆண்டு 1989.

தொடைத் தமனி பெரியது. குழாய் தடையின்றிச் செல்லும். எனினும் அது ஆழத்தில் இருப்பதால், கசியும் இரத்தம் கண்ணுக்குத் தெரியாமலே வயிற்றின் பின்புறம் தேங்கலாம். நோயாளி பல மணி நேரம் காலை அசைக்காமல் படுத்திருக்க வேண்டும். ஒரே இடத்தில் பன்முறை குத்தினால் தழும்பேறும்.

மணிக்கட்டுத் தமனியோ எலும்பின்மீது மேலாகவே ஓடுகிறது. ஒரு பட்டையால் அழுத்தினாலே இரத்தம் நின்றுவிடும். நோயாளி விரைவில் எழுந்து உட்காரலாம். இத்தமனி அடைபட்டாலும் கைக்கு வேறொரு தமனி இரத்தம் தருகிறது. இதனால் இன்று பல மருத்துவர்கள் இவ்வழியையே முதலில் நாடுகின்றனர், அது நியாயமே. ஆயினும் இது குறுகிய பாதை. சில வேளை சுருங்கிக் குழாயைப் பிடித்துக்கொள்ளும். தைத்துப் பொருத்திய இருதயத்தில் தமனி வாயில்கள் சற்றே திரும்பியிருப்பின், அவற்றைக் கண்டுபிடிக்க அதிக நேரமும் சாயமும் செலவாகும்.

இன்னொன்றும் உண்டு, மாணவர்கள் இதை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். மாற்று உறுப்பை உடல் ஒதுக்காதிருக்கக் கொடுக்கும் சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் போன்ற மருந்துகள் சிறுநீரகத்தைக் கெடுக்கக் கூடியவை. பின்னொரு நாள் டயாலிசிஸ் தேவைப்பட்டால், கைத் தமனியைச் சிரையோடு இணைக்க வேண்டிவரும். முன்னரே அடைபட்ட தமனி அதற்குப் பயன்படாது. ஆதலின் மெல்லிய குழாயைத் தேர்ந்து, இரத்தம் உறையாதிருக்க ஹெபாரின் கொடுத்து, ஓட்டம் முற்றும் நின்றுவிடாதபடி பட்டையை இலேசாகவே கட்டுவர். சிறுநீரகம் முன்னமே தளர்ந்திருப்பின், மணிக்கட்டை விடுத்துத் தொடை வழியே செல்வதும் உண்டு.