சிரிக்கத் தயங்கும் உதடுகள்

வகுப்புப் புகைப்படம் எடுக்கும் நாள். "எல்லோரும் சிரியுங்கள்" என்கிறார் படம் எடுப்பவர். நாற்பது பேர் சிரிக்க, ஒருத்தி மட்டும் உதடுகளை இறுக மூடிக்கொள்கிறாள். அவளுக்குச் சிரிப்பு வராமலில்லை. தன் பற்களில் உள்ள பழுப்புப் பட்டைகளை யாரும் பார்த்துவிடக் கூடாதே என்ற அச்சம்தான்.

மாணவ நண்பர்களே, சேலம், நாமக்கல் சமவெளியிலும், 1965 வரை சேலம் மாவட்டத்தில் அடங்கியிருந்த தருமபுரிப் பகுதியிலும் இத்தகைய பற்களை நீங்கள் பார்த்திருக்கலாம். இங்கு நிலத்தடியில் உள்ளவை மிகப் பழமையான பாறைகள். அவற்றிலுள்ள அபடைட், பயோடைட் போன்ற கனிமங்களில் ஃபுளூரைடு உண்டு. பாறை வெடிப்புகளில் நீர் நெடுங்காலம் தங்கும்போது அது கரைந்து சேர்கிறது. ஆழ்துளைக் கிணறு அந்நீரை நம் குடத்துக்குக் கொண்டுவருகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளூரைடு இருக்கக் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு. நிறமோ மணமோ இல்லாததால் நாம் அதை அறிய முடிவதில்லை. கொதிக்க வைத்தாலும் அது போகாது.

ஈறுக்குள் பல்லின் எனாமல் உருவாகும் காலம் ஏறத்தாழ எட்டு வயது வரை. அக்காலத்தில் ஃபுளூரைடு மிகுந்தால் எனாமல் சரியாக இறுகாமல் நுண்துளைகளுடன் அமைந்துவிடும். பிறகு அத்துளைகளில் கறை ஏறும். ஆகவே எவ்வளவு தேய்த்தாலும் பயனில்லை. இதை அறியாமல், "பல் துலக்குவதில்லையா?" என்று பெரியவர்களே கேட்டுவிடுகிறார்கள்! அமெரிக்காவில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் பிரெடரிக் மெக்கே என்ற பல் மருத்துவர் 1901இல் இக்கறையைக் கவனித்தார். காரணம் ஃபுளூரைடு என்று தெரிந்ததோ 1931இல்தான்.

பற்களோடு நின்றால் போதுமே! பல ஆண்டுகள் குடித்தவர்களுக்கு எலும்பிலும் மூட்டிலும் ஃபுளூரைடு படிந்து முதுகும் கழுத்தும் விறைத்துப் போவதுண்டு. காய்ச்சல் விருந்தாளியைப் போல. நாலு நாளில் போய்விடும். நாட்பட்ட நோயோ வீட்டிலேயே தங்கிவிடுகிறது. மூட்டு வாதக்காரர்களிடம் பேசி ஆராய்ந்த மைக்கேல் பரி என்ற ஆங்கிலேயச் சமூகவியலார், இத்தகைய நோய் ஒருவரின் வாழ்க்கைக் கதையையே இடையில் முறித்துவிடுகிறது என்று 1982இல் எழுதினார்.

மரவள்ளிக் கிழங்கு பிடுங்கிப் பிழைத்த ஒருவரை எண்ணிப் பாருங்கள். குனிய முடியாமல் போனதும் அவர் இழப்பது கூலியை மட்டுமா? "நான் உழைப்பாளி" என்ற எண்ணத்தையும்தான். "நீங்க உட்காருங்கப்பா, நான் பார்த்துக்கறேன்" என்று மகன் அன்போடுதான் சொல்கிறான். அதுவே அவரை ஒரு படி கீழே இறக்கிவிடுகிறது. அவர் எரிந்து விழுகிறார். மகன் விலகிப் போகிறான். வலியைவிட இந்த விலகல் கொடியது என்றே எனக்குத் தோன்றுகிறது. அவரால் உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை வீட்டில் எத்தனையோ இருக்கும். கேட்டால் அவரே சொல்வார்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு 2013 முதல் ஒகேனக்கல் திட்டத்தின் வழியாகக் காவிரி நீர் வருகிறது. குழந்தைப் பருவம் முதல் அந்நீரையே குடித்து வளர்வோருக்குக் கறை வர வேண்டியதில்லை. முன்பே கறை ஏறிய பல்லைப் பல் மருத்துவர் மேற்பூச்சிட்டு மறைக்க முடியும். உங்கள் ஊர்க் கிணற்று நீரில் ஐயமிருந்தால், தூய புட்டியில் எடுத்துச் சென்று குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் சோதித்துப் பார்க்கலாம்.