ட்ரெய்லர் கடையும் பெட்டரிக் கணக்கும்

சென்ற வாரம் நிந்தவூர் நண்பர் ஒருவர் கடைக்கு வந்திருந்தார். கெப் வாகனத்தின் பின்னால் இழுத்துச் செல்லும் ட்ரெய்லர் ஒன்றில் ஜூஸ் கடை போடப் போகிறாராம். "காக்கா, எத்தனை பெட்டரி போடணும்? எத்தனை பெனல் போடணும்?" என்று கேட்டார். பெட்டரியைப் பிறகு பார்ப்போம், முதலில் ஒரு கடதாசியும் பேனையும் எடுங்கள் என்றேன். நான் அந்தக் கடதாசியை எடுக்காமல் இறங்கியதால் இரண்டு தடவை பணம் கொடுத்தவன்.

எங்களுடைய ட்ரெய்லர் 2018ஆம் ஆண்டு செய்தது. வைகாசி முதல் ஐப்பசி வரை பொத்துவில் அறுகம்குடாவில் நிற்கும். அலைச்சறுக்கு விளையாட வரும் வெள்ளைக்காரர்களுக்கு ஜூஸும் தேநீரும். மற்றைய மாதங்களில் வாராந்தச் சந்தைகளுக்குப் போகும். மகன்தான் பார்த்துக் கொள்கிறார். வெளிச்சத்துக்கும் பிளெண்டருக்கும் ஒரு சிறிய பெற்றோல் ஜெனரேட்டர் வைத்திருந்தோம். அதன் சத்தத்துக்கும் புகைக்கும் வாடிக்கையாளர் உட்காரமாட்டார், கோப்பையை வாங்கிக்கொண்டு கடற்கரைக்குப் போய்விடுவார். உட்காராத வாடிக்கையாளர் இரண்டாவது கோப்பை வாங்குவதில்லை.

2019 ஏப்ரலுக்குப் பின்னர் சுற்றுலாவும் எமது வியாபாரங்களும் எந்த நிலைக்குப் போயின என்பதை இந்தப் பத்தியின் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதன் பிறகு கொரோனா. அதன் பிறகு 2022. அந்த வருடம் ஜூன் கடைசியில் பெற்றோல் ஒரு லீற்றர் 470 ரூபா. ஜெனரேட்டர் ஒரு இரவுக்கு மூன்று லீற்றர் குடிக்கும். விளக்கு எரிப்பதற்கு மட்டும் 1,410 ரூபா. அந்த விலைக்கும் பெற்றோல் கிடைக்கவில்லை. கேனைக் கொண்டு போனால் ஊற்ற மாட்டார்கள். சீசனின் நடுவில் கடையைப் பூட்டினோம்.

2023இல் சூரிய மின்சாரத்துக்கு மாறுவதென்று முடிவெடுத்தேன். சிக்கனம் என்று நினைத்து லொறியில் பாவித்த இரண்டு பெட்டரிகளை வாங்கினேன். வீட்டுக் கூரைக்குப் போடும் 550 வாட் பெனல் ஒன்று, அதோடு கடைக்காரர் தந்த மலிவான கொன்ட்ரோலர் ஒன்று. நாலு மாதத்தில் பெட்டரிகள் இரண்டும் செத்துப் போயின.

காரணத்தைப் பிறகுதான் விளங்கிக்கொண்டேன். லொறிப் பெட்டரி, என்ஜினை ஒரு உதை உதைத்துக் கிளப்புவதற்காகச் செய்யப்பட்டது. ஒரு சில விநாடி பெரிய மின்சாரம் கொடுக்கும், உடனே திரும்ப நிரம்பிவிடும். ஒவ்வொரு இரவும் அதை அடிவரை இறக்கினால் தகடுகள் தாங்காது. ஆழமாக இறக்குவதற்கென்றே வரும் ஈயப் பெட்டரியிலும் பாதிக்கு மேல் எடுக்கக் கூடாது. நூறு அம்பியர் மணி என்று எழுதியிருந்தால் உங்கள் கைக்கு வருவது ஐம்பதுதான் என்று கணக்கு வையுங்கள்.

கொன்ட்ரோலர் விடயம் இதைவிட மோசம். சந்தையில் இரண்டு வகை உண்டு. பி.டபிள்யூ.எம். என்ற மலிவு வகை, பெனலின் வோல்ட் அளவை பெட்டரியின் அளவுக்கு இழுத்து இறக்கிவிடும். எனது பெனல் 41 வோல்ட்டில் 13 அம்பியர் தரக்கூடியது. பெட்டரியோ 13 வோல்ட். ஆகவே 13 அம்பியரை 13 வோல்ட்டில் பெருக்குங்கள்: 169 வாட். 550 வாட்டுக்குக் காசு கொடுத்து மூன்றில் ஒரு பங்கைக்கூட நான் எடுக்கவில்லை! எம்.பி.பி.டி. என்ற மற்ற வகை அந்த மேலதிக வோல்ட்டை அம்பியராக மாற்றித் தரும். விலை கூட, ஆனால் பெரிய பெனலுக்கு அதுதான் வேண்டும். பெனல் சும்மா இருக்கும்போது வரும் வோல்ட் ஐம்பதைத் தொடும், அதையும் தாங்கக்கூடியதாகப் பார்த்து வாங்க வேண்டும்.

ஓர் இரவு மகன் தொலைபேசி எடுத்தார். "வாப்பா, என்னமோ கருகுற மணம் வருது." பிளெண்டர் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. பெட்டரியிலிருந்து இன்வேர்ட்டருக்கு நாங்கள் போட்டிருந்தது வீட்டு வயரிங்கில் மிஞ்சிய மெல்லிய வயர். வீட்டில் 230 வோல்ட்டில் ஆயிரம் வாட் என்றால் நாலரை அம்பியர் கூட இல்லை. அதே ஆயிரம் வாட் 12 வோல்ட்டில் 80 அம்பியரைத் தாண்டும். வயரின் உறை உருகி, மேலே தொங்கிய துணிக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. உள்ளே மகனும் வேலைக்கு நின்ற இன்னொரு பிள்ளையும். அன்றிரவு நான் தூங்கவில்லை. இப்போது போட்டிருப்பது 35 சதுர மில்லிமீற்றர் வயர், பெட்டரிக்கு அருகிலேயே ஒரு பியூஸ். வயரிங் பாஸ் கூலி கூடச் சொன்னார், நான் பேரம் பேசவில்லை.

2024 சீசனுக்கு முன்னர்தான் கடதாசியை எடுத்தேன். ஒன்பது வாட் மின்குமிழ் ஆறு, ஆறு மணி நேரம்: 324. பிளெண்டர் 500 வாட், மொத்தமாக அரை மணி நேரம்: 250. 12 வோல்ட் குளிர்பெட்டி ஒரு நாளைக்கு 450 அளவில். தொலைபேசி சார்ஜ், மின்விசிறி என்று ஒரு நூறு. கூட்டினால் 1,124 வாட் மணி. பெனல் எங்கள் கரையோர வெயிலில் ஐந்து மணி நேரம் நன்றாக வேலை செய்யும் என்று வைத்து, சூட்டுக்கும் தூசுக்கும் முப்பது வீதம் கழித்தால் 1,900க்கு மேல் வருகிறது. பெனல் போதும். மாற்ற வேண்டியவை பெட்டரியும் கொன்ட்ரோலரும் வயரும்தான்.

சீட்டுக் காசு கையில் இருந்ததால் லித்தியம் இரும்பு பொஸ்பேட் பெட்டரி, நூறு அம்பியர் மணியில் இரண்டு எடுத்தோம். விலைகளை இங்கே எழுதவில்லை; டொலரோடு ஏறி இறங்குவதால் பத்திரிகை உங்கள் கைக்கு வரும்போது பிழையாகிவிடும். ஈயப் பெட்டரியைப் போல இரண்டு மடங்குக்கு மேல் என்று மட்டும் சொல்லலாம். ஆனால் உள்ளே உள்ளதில் எண்பது, தொண்ணூறு வீதம் எடுக்கலாம். இரண்டாயிரம் தடவைக்கு மேல் இறக்கி ஏற்றலாம் என்று உற்பத்தியாளர்கள் சொல்கிறார்கள்; ஈயத்தில் பாதிவரை இறக்கினால் சில நூறு தடவைதான். வாங்கும் விலையைப் பாராமல் ஓர் இரவுக்கு என்ன விழுகிறது என்று பிரித்துப் பாருங்கள். நிறையும் குறைவு: ஈயப் பெட்டரி முப்பது கிலோவுக்குக் கிட்ட, இது பன்னிரண்டு அளவில். ட்ரெய்லரை இழுக்கும் கெப்புக்கு அது தெரியும்.

அளவை நிறுவையில் இங்கும் ஏமாற்று உண்டு. முதலில் வாங்கி வந்த ஒன்றை நிரப்பிவிட்டு, வாகனத்தின் 55 வாட் முன்விளக்கு மின்குமிழ் ஒன்றைக் கொளுத்தி வைத்தேன். அது எடுப்பது நாலரை அம்பியர் அளவில், ஆகவே இருபத்திரண்டு மணி நேரம் எரிய வேண்டும். பதின்மூன்றாவது மணியில் அணைந்தது. அறுபதை நூறு என்று விற்றிருக்கிறார்கள். திருப்பிக் கொடுத்து வேறிடத்தில் வாங்கினேன். இந்தச் சோதனைக்குச் செலவு ஒரு மின்குமிழும் ஒரு நாளும்தான்.

கெப்பின் பெட்டரியிலிருந்து நேரடியாக வயர் இழுத்து லித்தியத்தை நிரப்பலாம் என்று மச்சான் சொன்னார். கூடாது. அது மின்சாரத்தை ஆசையாக இழுக்கும், வாகனத்தின் டைனமோ சூடேறிப் பழுதாகும். இடையில் 30 அம்பியர் டி.சி. சார்ஜர் ஒன்று போட்டிருக்கிறோம். அக்கரைப்பற்றிலிருந்து அறுகம்குடா போய்ச் சேருவதற்குள் குளிர்பெட்டியின் ஒரு நாள் தேவையில் பெரும்பகுதி ஏறிவிடும். மார்கழி மழையில் வீட்டு மின்சாரத்தில்தான் நிரப்புகிறோம். அதற்கும் லித்தியத்துக்கான சார்ஜரே வேண்டும், பழைய சார்ஜரைக் கொழுவ வேண்டாம்.

நிழல் பிரச்சினை மட்டும் எனக்குத் தோன்றவேயில்லை. வாடிக்கையாளர் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று தென்னையின் கீழ் நிறுத்தினோம். ஓர் ஓலை நிழல் பெனலின் குறுக்கே விழுந்தாலே வருவது பாதியாகிவிட்டது. இப்போது ட்ரெய்லர் வெயிலில், கதிரைகள் மரத்தின் கீழ். மகன்தான் கோப்பைகளைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார். உப்புக் காற்றுக்கு வாரம் இரண்டு தடவை நல்ல தண்ணீரால் பெனலைக் கழுவுகிறார், போல்ட்டுகளையும் இறுக்கிப் பார்க்கிறார்.

நிந்தவூர் நண்பரின் கடதாசியில் கூட்டுத்தொகை 2,300 வந்தது. இரண்டு குளிர்பெட்டியும் ஒரு மின்சாரக் கேத்தலும் எழுதியிருந்தார். கேத்தலை வெட்டச் சொன்னேன், தண்ணீர் கொதிக்க கேஸ் அடுப்பு இருக்கிறது. குளிர்பெட்டி ஒன்றையும் வெட்டலாமா என்று வீட்டில் கேட்டுவிட்டு வருவதாகப் போயிருக்கிறார். போகும்போது எங்கள் பழைய ஜெனரேட்டரை விலை கேட்டார். விற்க மாட்டேன் என்றேன்.